செயலிக் கடைக்கு நூற்றுக்குப் பதினைந்து கொடுப்பதா, சொந்த வாசல் வைப்பதா?

"499 ரூபாய்க்கு ஒரு தேர்வுத் தொகுப்பு விற்றால் 424 ரூபாய்தான் கைக்கு வருமாம். மீதி 75 ரூபாயை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்?"

சேலம் அஸ்தம்பட்டியில் அரசுப் பணித் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்ட கேள்வி இது. அதே வாரத்தில் ஆத்தூரிலிருந்து ஓர் இளைஞர் எழுதியிருந்தார். குழந்தைகளுக்கான தமிழ் எழுத்து விளையாட்டு ஒன்றைச் செய்து முடித்துவிட்டார்; எந்தக் கடையில் போடுவது என்று தெரியவில்லை. மூன்றாவது கடிதம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வந்தது: "செயலி போட்டால் கொலுசு விலையில் 30 சதவீதம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?"

கொலுசுக்காரர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். உண்மை இல்லை. கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டும் கமிஷன் கேட்பது செயலிக்குள்ளேயே பயன்படுத்தித் தீரும் பொருளுக்குத்தான்: சந்தா, பாடம், விளையாட்டின் அடுத்த கட்டம் போன்றவை. கொலுசு, காபித்தூள், ஜவ்வரிசி, ஏற்காட்டில் தங்கும் அறை, வாடகைக் கார் போன்றவற்றுக்குச் செயலி வழியாகப் பணம் வாங்கினாலும் கடைக்குக் கமிஷன் கிடையாது. உங்கள் செலவு பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) கட்டணமும் கூரியரும்தான். பயமில்லாமல் செய்யுங்கள். இனி வருவது மற்ற இருவருக்கும், அவர்களைப் போலக் கணினிக்குள்ளேயே பிறந்து கணினிக்குள்ளேயே விலைபோகும் பொருளை விற்கிறவர்களுக்கும்.

## எதை வைத்து அளப்பது

30 சதவீதம் என்ற எண்ணைக் கேட்டவுடனேயே பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. 2008 ஜூலையில் ஆப்பிள் தன் கடையை 500 செயலிகளோடு திறந்தபோது வைத்த விகிதம் அது. இன்று நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அது பொருந்தாது. 2021 ஜனவரி முதல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் ஈட்டுகிறவர்களிடம் ஆப்பிள் 15 சதவீதம் வாங்குகிறது. கூகுள் 2021 ஜூலை முதல், யாராக இருந்தாலும் ஆண்டின் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15 சதவீதம் என்று வைத்தது. சந்தாக்களுக்கு 2022 ஜனவரி முதல் எல்லாருக்கும் 15. பத்து லட்சம் டாலர் என்றால் எட்டுக் கோடி ரூபாய்க்கும் மேல். எனவே நமக்கான எண் 15 என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுவோம்.

ஆனால் இரண்டு இடங்களிலும் அந்தச் சலுகை தானாக வந்து விழாது. ஆப்பிளில் சிறுதொழில் திட்டத்துக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கூகுளில் கணக்குக் குழு ஒன்றை உருவாக்கி நிபந்தனையை ஏற்க வேண்டும். முதல் விற்பனைக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இந்த ஐந்து கேள்விகளை வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோடுகிறேன்:

1. வாடிக்கையாளரைக் கூட்டி வருவது யார், கடையா நீங்களா?
2. எல்லாக் கழிவும் போக, 499 ரூபாயில் எவ்வளவு கையில் நிற்கிறது?
3. வாங்குகிறவர் எந்த நம்பிக்கையில் பணம் கட்டுவார், தவறினால் யாரிடம் திரும்பக் கேட்பார்?
4. ஒரே இரவில் உங்களை வெளியேற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?
5. உங்கள் நேரம் எவ்வளவு போகிறது?

முதல் கேள்விதான் தாய்க் கேள்வி. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

## வழி ஒன்று: கூகுள் பிளேயில் எல்லாமே

செயலியும் அங்கே, பணமும் அங்கேயே. பதிவுக் கட்டணம் 25 டாலர், வாழ்நாளில் ஒரு முறை. 499 ரூபாயில் 74 ரூபாய் 85 காசு கழிந்து 424 ரூபாய் வரும் (இந்தக் கட்டுரைக் கணக்குகளில் வரிகளைச் சேர்க்கவில்லை). ஒரு மாத வசூல் அடுத்த மாதம் 15ஆம் தேதி வாக்கில் கிடைக்கும்.

அந்த 75 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? உங்கள் பெயரே தெரியாத ஒருவர், கடையில் தேடி, மதிப்புரைகளைப் பார்த்து, ஏற்கனவே பதிந்து வைத்திருக்கும் யுபிஐ வழியாக இரண்டு தட்டலில் வாங்கிவிடுகிறார். கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ இருக்கும் தமிழ்க் குடும்பமும் அந்த ஊர்ப் பணத்தில் அதே போல வாங்க முடிகிறது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்டால் கூகுளே பார்த்துக்கொள்கிறது. செயலியின் கோப்பு லட்சம் முறை இறங்கினாலும் அதற்குச் சர்வர் வாடகை இல்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் தொடங்கியவர்கள், செயலியை வெளியிடும் முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது. 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. படிக்கும்போது எளிதாகத் தெரியும். நாங்கள் ஒரு சின்னச் செயலிக்காக ஆள் சேர்த்தபோது, சித்தி மகன், மாமா, கல்லூரித் தோழர்கள் என்று எண்ணி எண்ணிப் பார்த்தும் ஒன்பதில் நின்றுவிட்டது. கடைசி மூவரைத் தேடிப்பிடிக்க ஒரு வாரம் ஆனது. அதற்கான நாட்களை முன்பே ஒதுக்குங்கள்; தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் வண்டி போய்விடும்.

வீட்டு முகவரியில் தனிநபர் கணக்கு வைத்துப் பணம் வாங்கினால், அந்த முகவரி கடைப் பக்கத்தில் எல்லார் கண்ணிலும் படும். வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு, அலுவலக முகவரி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குவது நல்லது. ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்பச் செயலியைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற விதியும் உண்டு. எழுதிக் கொடுத்த நிரலாளர் பெங்களூருக்குப் போய்விட்டால், அந்தப் புதுப்பிப்புக்கு ஆகும் தொகை கமிஷனைவிடப் பெரிதாக இருக்கும்.

## வழி இரண்டு: கூகுள் பிளேயில் செயலி, பக்கத்தில் இன்னொரு கல்லா

இந்தியாவில், பணம் கட்டும் திரையில் கூகுளின் முறையோடு உங்கள் கேட்வேயையும் காட்ட அனுமதி உண்டு. வாங்குகிறவர் உங்கள் கல்லாவைத் தேர்ந்தெடுத்தால் கமிஷன் 4 புள்ளி குறைகிறது. 15 என்பது 11 ஆகும். கேட்வே ஏறத்தாழ 2 சதவீதம் கேட்கும். 499 ரூபாயில் 434 ரூபாய் நிற்கும். பத்து ரூபாய் மிச்சம். அதற்காக இரண்டு கணக்கு வழக்கு, இரண்டு இடத்தில் புகார், கூகுளுக்கு விற்பனை அறிக்கை எல்லாம் சேரும். ஆயிரக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு இது பொருந்தலாம். ஓர் ஆள், இரண்டு ஆள் தொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி மூன்று: விற்பது உங்கள் தளத்தில், திறப்பது செயலியில்

மாணவர் உங்கள் இணையதளத்தில் பணம் கட்டுகிறார். பிறகு பிளேயிலிருந்து செயலியை இலவசமாக இறக்கி, அதே கைபேசி எண்ணில் உள்நுழைந்து பாடத்தைத் திறக்கிறார். செயலிக்குள் விற்பனையே இல்லை என்பதால் கூகுளுக்குக் கமிஷனும் இல்லை. இது கூகுளே இந்திய உருவாக்குநர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் வழி. நம் ஊரில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கையில் நிற்பது 489 ரூபாய். முதல் வழியோடு ஒப்பிட்டால் ஒரு மாணவருக்கு 65 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 800 மாணவர் என்றால் ஏறத்தாழ 52,000 ரூபாய். யுபிஐ பரிவர்த்தனைக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணம் இல்லை என்பதால், கேட்வே இல்லாமல் வகுப்பறையிலேயே கியூஆர் அட்டையை வைத்து வாங்கி, எண்ணைக் கையால் பதிந்துகொண்டால் 499 ரூபாயும் முழுதாக நிற்கும். ஐம்பது மாணவர் வரை அது நடக்கும். ஐந்நூறு பேர் வந்தால், யார் கட்டினார் யார் கட்டவில்லை என்று இரவு பன்னிரண்டு மணிக்கு வங்கிக் குறுஞ்செய்திகளைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இங்கே விலையாகக் கொடுப்பது இரண்டு. செயலிக்குள் வாங்கும் பக்கத்துக்கு நேரடி இணைப்பு வைக்கக் கூடாது என்பது கடையின் பொதுவிதி. தற்செயலாகச் செயலியை இறக்கியவர் பூட்டிய கதவைப் பார்த்து, சாவி எங்கே என்று தெரியாமல், ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார். மற்றொன்று, பணம் திரும்பக் கேட்பது, கட்டியும் திறக்காதது, எண் மாறிப்போனது என்று எல்லாத் தொலைபேசி அழைப்பும் உங்களுக்கே வரும். 52,000 ரூபாயை அந்த அழைப்புகளுக்கான கூலியோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

வாடிக்கையாளரை நீங்களே கூட்டி வருகிறீர்கள் என்றால், அதாவது வகுப்பறை, வாட்ஸ்அப் குழு, யூடியூப் பாடம் வழியாக உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும் என்றால், இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

## வழி நான்கு: ஆப்பிள்

ஆண்டுக்கு 99 டாலர். மேக் கணினி ஒன்று வேண்டும். 499 ரூபாயில் கைக்கு வருவது இங்கும் 424தான். ஆண்டுக் கட்டணத்தை மட்டும் மீட்கவே இருபது மாணவருக்கு மேல் ஐபோனில் வாங்க வேண்டும். சேலத்துப் பயிற்சி வகுப்பில் ஐபோன் வைத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். அயல்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களை நம்பிச் செய்யும் விளையாட்டு என்றால் கணக்கு தலைகீழாக மாறும். அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட கைகளில் ஐபோன்தான் இருக்கிறது.

அனுமதிச் சோதனை ஆண்ட்ராய்டில் எப்படியோ, இங்கே மனிதர்கள் உட்கார்ந்து பார்ப்பது அதிகம். வெறும் இணையதளத்தைச் சட்டை மாற்றிச் செயலி என்று கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இங்கே ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்து கொடுத்த செயலியை ஒரு கடை மூன்று முறை நிராகரித்தது. மூன்று முறையும் எழுத்துப் பிசகாத ஒரே பதில். எங்கே தவறு என்று ஒரு வரிகூட இல்லை. ஒன்பது நாள் கழித்து நாங்களே கண்டுபிடித்தோம்: உள்நுழைய இந்தியக் கைபேசிக்கு ஓடிபி போகிறது, வேறு நாட்டில் உட்கார்ந்து சோதிப்பவருக்கு அது எப்படி வரும்? ஓடிபி இல்லாமல் உள்ளே போகத் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்த மறுநாள் அனுமதி கிடைத்தது. கமிஷன் வாங்குகிற கை, காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த ஒன்பது நாட்களுக்கு இன்றும் எனக்குக் கோபம் உண்டு.

## வழி ஐந்து: மாற்றுக் கடை, நேரடிக் கோப்பு

போன்பே நிறுவனம் 2024 பிப்ரவரியில் இண்டஸ் ஆப் ஸ்டோரைத் தொடங்கியது. தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் பார்க்கலாம். எந்தக் கேட்வேயையும் வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கமிஷன் இல்லை என்று அறிவித்தார்கள். தமிழில் தேடினால் தமிழ்ச் செயலி கிடைக்கும் கடை என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பிளேயில் இருக்கும் செயலியை இங்கும் போட்டு வையுங்கள். இழப்பு ஏதும் இல்லை. இதை மட்டும் நம்பி இறங்காதீர்கள், ஏனென்றால் பெரும்பாலோர் கையில் பிளேதான் முன்பே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை, நேரடியாக அனுப்பி நிறுவச் சொல்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கமிஷன் இல்லை என்பது உண்மை. ஆனால் கல்யாணப் பத்திரிகை என்றும் அரசு உதவித் திட்டம் என்றும் பெயர் போட்டு வரும் ஏபிகே கோப்புகளால் வங்கிக் கணக்கைத் தொலைத்துவிட்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்கிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். எச்சரிக்கைத் திரையைக் கண்டுகொள்ளாமல் 'சரி' அழுத்தும்படி நம் மாணவர்களுக்கு நாமே பழக்கக் கூடாது. மேலும், அடையாளம் சரிபார்க்கப்படாத உருவாக்குநர்களின் செயலிகளை வெளியிலிருந்து நிறுவுவதையும் கட்டுப்படுத்தப்போவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கும் அது வரும் என்பது அந்த அறிவிப்பு. குறுகிவரும் சந்தில் கடை போட வேண்டாம்.

## வழி ஆறு: செயலியே வேண்டாம், இணையதளம் போதும்

கைபேசி முகப்பில் சேர்த்துவைத்தால் செயலி போலவே திறக்கும் தளங்களை இப்போது செய்யலாம். ஐபோனிலும் 2023 மார்ச்சில் வந்த 16.4 பதிப்பு முதல், முகப்பில் சேர்த்த தளங்களால் அறிவிப்பு அனுப்ப முடிகிறது. அனுமதி கேட்க வேண்டியவர் யாருமில்லை. ஏற்காட்டில் விடுதி நடத்துபவர், மலைக்கிராமத்துக் காபி விவசாயி, மாதிரித் தேர்வு மட்டும் வைக்கும் ஆசிரியர் ஆகியோருக்கு இதுவே பெரும்பாலும் போதும். கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சில இடங்களில் சிக்னல் போய்விடும். 40 எம்பி செயலியை இறக்கச் சொல்வதைவிட, இலகுவான பக்கம் ஒன்று அங்கே சீக்கிரம் திறக்கும். குறை என்னவென்றால், நம் மக்களுக்குப் பிளேயில் தேடும் பழக்கம் ஊறிவிட்டது. அங்கே இல்லை என்றால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நினைக்கிறார்கள்.

| வழி | தொடக்கச் செலவு | 499 ரூபாயில் கைக்கு | வாடிக்கையாளரைக் கூட்டி வருபவர் | பெரிய ஆபத்து |
|---|---|---|---|---|
| பிளே, அங்கேயே கட்டணம் | 25 டாலர், ஒரு முறை | 424 | கடை | விதி மாறினால் நீக்கம் |
| பிளே, இரண்டு கல்லா | 25 டாலர் + கேட்வே | 434 | கடை | இரட்டைக் கணக்குச் சுமை |
| தளத்தில் விற்பனை, செயலியில் திறப்பு | 25 டாலர் + தளம் | 489 | நீங்கள் | பூட்டிய கதவைக் கண்டு திரும்புவோர் |
| ஆப்பிள் | ஆண்டுக்கு 99 டாலர், மேக் | 424 | கடை | நிராகரிப்பு, தாமதம் |
| மாற்றுக் கடை | குறைவு | 489 | நீங்கள் | வருவோர் குறைவு |
| இணையதளம் மட்டும் | தளம் | 489 | நீங்கள் | கடைத் தேடலில் தென்படாமை |

## சரி, இது நியாயமா?

ஆசிரியை கேட்டது கணக்கை மட்டுமல்ல. அவர் குரலில் இருந்த ஆற்றாமை எனக்குப் புரிந்தது. அதனால் இதையும் பேசியாக வேண்டும்.

ஏற்காட்டில் என் பெரியப்பாவுக்குச் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. காபிக்கு நடுவே ஆரஞ்சும், நிழல் மரங்களில் மிளகுக் கொடியும் உண்டு. ஆரஞ்சை மண்டிக்கு அனுப்பினால் நூற்றுக்குப் பத்து கமிஷன், அதற்கு மேல் இறக்குகூலி, அழுகல் கழிவு. அவர் ஒருநாளும் மண்டிக்காரரைத் திருடன் என்று சொன்னதில்லை. "விடியற்காலை நாலு மணிக்கு அவன் விற்றுக் கொடுக்கிறான், நான் வீட்டில் இருக்கிறேன்" என்பார். நல்ல காய் இருந்து உடம்பும் ஒத்துழைத்தால், அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு இறக்கிவிடுவார். அங்கே கமிஷன் இல்லை; விவசாயி அடையாள அட்டை இருந்தால் போதும், தராசும் கொடுப்பார்கள். ஆனால் பொழுது விடியும் முன்பே அவரே போய் நின்றாக வேண்டும். முன்பணம் வாங்கிய ஆண்டுகளில் மட்டும் அவரால் வேறு மண்டிப் பக்கம் போக முடிந்ததில்லை. கமிஷன் உறுத்தாதவருக்கு அந்தக் கட்டு உறுத்தியது.

செயலிக் கடை விவகாரத்தையும் நான் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன். 15 சதவீதம், ஊர் பேர் தெரியாதவரைக் கூட்டி வந்து, பணம் வாங்கிக் கொடுத்து, திரும்பக் கேட்டால் திருப்பியும் கொடுக்கிற வேலைக்கு நியாயமான கூலி. ஒரு காலத்தில் ரிங்டோனும் காலர் டியூனும் விற்றபோது தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டதை நினைவு வைத்திருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். கட்டுப்பாடுகளிலும் ஒரு பகுதி நமக்கே காவல். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளை கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. அவற்றால் மிரட்டப்பட்ட குடும்பங்களைக் கேட்டால் வாசலில் காவல் தேவை என்றுதான் சொல்வார்கள். இவ்வளவு பேர் முதலில் எப்படி உள்ளே வந்தார்கள் என்றும் கேட்பார்கள்.

30 சதவீதத்தை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் எபிக் கேம்ஸ் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில், ஆப்பிள் கடையின் செயல்பாட்டு லாபம் 75 சதவீதத்துக்கும் மேல் என்று வல்லுநர் ஒருவர் கணக்கிட்டுச் சாட்சி சொன்னார். பெரிய நிறுவனங்களின் சண்டைதானே, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தச் சண்டையில் கிடைத்ததே நம்முடைய 15. எபிக் வழக்குத் தொடுத்தது 2020 ஆகஸ்டில். விகிதங்கள் பாதியானது அதற்கடுத்த ஆண்டில்.

உண்மையான அநியாயம் வேறொன்று: 'என் தளத்தில் விலை குறைவு' என்று உங்கள் செயலிக்குள்ளேயே உங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்ற வாய்ப்பூட்டு. என் பெரியப்பா தன் கூடையில் 'தோட்டத்துக்கு வந்தால் மலிவு' என்று ஒரு சீட்டு வைத்தால் எந்த மண்டிக்காரரும் அதைக் கிழிக்க முடியாது. 2021 செப்டம்பரில் நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோதும், இந்த வாய்ப்பூட்டை மட்டும் ஏற்கவில்லை. அதன் பிறகு ஆப்பிள் வெளி இணைப்பை அனுமதித்துவிட்டு, அந்த வழியில் நடக்கும் விற்பனைக்கும் 27 சதவீதம் கேட்டது. 2025 ஏப்ரலில் அதே நீதிபதி அதை நீதிமன்ற அவமதிப்பு என்றார். அமெரிக்கக் கடைக்கு மட்டுமான தீர்ப்பு அது. அதே மாதத்தில் ஐரோப்பிய ஆணையமும் இதே வாய்ப்பூட்டுக்காக ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விதித்தது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 25 அன்று போட்டி ஆணையம் பிளே கட்டண முறைக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. அபராதத் தொகையைவிட அந்த வழக்கில் நமக்கு முக்கியமானது, மாற்றுக் கல்லாவுக்கும் வெளி விற்பனைக்கும் இடம் கேட்கலாம் என்ற நிலை உருவானது.

நான்காவது கேள்வியை இங்கேதான் முழுதாக உணர முடியும். 2024 மார்ச் 1 அன்று, கட்டணம் செலுத்தவில்லை என்று பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை கூகுள் பிளேயிலிருந்து நீக்கத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாட்களில் அவை திரும்ப வந்தன. இந்தியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உருவாக்குநர்கள் இருக்கிறார்கள், அவர்களில் 60 பேருக்கும் குறைவானவர்களே 15 சதவீதத்துக்கு மேல் கட்ட வேண்டியவர்கள் என்று கூகுள் அப்போது விளக்கம் சொன்னது. எண் சரியாகவே இருக்கட்டும். நீக்கப்பட்டவர்களுக்காக அமைச்சர் பேசினார். அஸ்தம்பட்டி ஆசிரியையின் செயலி நீக்கப்பட்டால் யார் பேசுவார்கள்?

நம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளை எண்ணிப் பார்க்கிறேன். 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களின் ஜவ்வரிசியைக் கிடங்கில் வைத்து டெண்டர் முறையில் விற்றுக் கொடுக்கிறது. அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஆலைக்காரர்களே. குறை இருந்தால் கேட்க ஒரு முகவரி இருக்கிறது, நேரில் போய் நிற்க ஒரு கட்டிடம் இருக்கிறது. செயலிக் கடைகளிடம் நான் கேட்பது கமிஷனைக் குறைக்கச் சொல்வதற்கும் முன்னால் இதைத்தான்: நிராகரித்தால் காரணம், நீக்கினால் முன்னறிவிப்பு, முறையிட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர்.

## யாருக்கு எது

அஸ்தம்பட்டி ஆசிரியைக்கு: வழி மூன்று. உங்கள் மாணவர்களை நீங்கள்தான் கூட்டி வருகிறீர்கள். அதற்கு 15 சதவீதம் கொடுக்கக் காரணமில்லை. தளத்தில் விற்று, செயலியில் திறந்துவிடுங்கள். மாணவர் பெயரும் எண்ணும் வாரம் ஒரு முறையாவது உங்கள் கணினிக்குப் பிரதியெடுக்கப்படட்டும். பிளே நாளைக்கே கதவைச் சாத்தினாலும் அதே பாடங்கள் கைபேசி உலாவியில் திறக்கும்படி முதல் நாளே செய்யச் சொல்லுங்கள். பிற மாவட்டங்களில் உங்கள் பெயர் தெரியாதவர்களும் வர வேண்டும் என்ற நிலை வரும்போது, புதியவர்களுக்காகச் செயலிக்குள்ளும் விற்பனையைத் திறக்கலாம். அப்போது கடை கூட்டி வரும் மாணவருக்கு 75 ரூபாய் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் செயலிக்குள் விற்பனை தொடங்கிய பிறகு அது வெறும் திறப்புச் செயலி ஆகாது, விதிகள் மாறும். அந்த நாளில் நிபந்தனைகளை மறுபடி படித்துவிட்டு மாறுங்கள்.

வாடகைக்கு விடுதி, காபி, கொலுசு: இணையதளமும் யுபிஐயும் போதும். செயலி வேண்டுமென்றாலும் கமிஷன் பயம் வேண்டாம்.

ஆத்தூர்த் தம்பிக்கு: வழி ஒன்று. உங்கள் விளையாட்டை வாங்கப்போகிறவர்கள் உங்களுக்கு முகம் தெரியாதவர்கள், பல நாட்டுப் பணம் வைத்திருப்பவர்கள். அவர்களை நீங்களாகப் போய்த் தேட முடியாது; இங்கே 15 சதவீதம் தகும். முதலில் பிளே மட்டும். ஆறு மாதம் கழித்து வெளிநாட்டு இறக்கங்கள் கண்ணில் படும் அளவுக்கு இருந்தால், அந்த வருமானத்திலேயே ஆப்பிளின் 99 டாலரைக் கட்டுங்கள்; கடன் வாங்கி மேக் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கான செயலி என்பதால் விளம்பரம், தகவல் சேகரிப்பு பற்றிய தனி விதிகள் உண்டு. அவற்றைப் படிக்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 12 பேர் பட்டியலில் என் பெயரையும் என் மகள் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்னும் பத்துப் பேர்தான் வேண்டும். அனுப்பிய மாதிரியில் 'ழ' எழுத்தைத் தொட்டால் 'ல' ஒலிக்கிறது. வெளியிடும் முன் அதைத் திருத்திவிடுங்கள்.